மோட்டார் நியூரான் நோய்: காரணமும் மருந்தும் எதுவரை வந்திருக்கின்றன?

கேட்கப்பட்டது இது: "அண்ணனுக்கு 51 வயது. ஏழெட்டு மாதமாக வலது கையில் பலம் குறைந்துகொண்டே வருகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இப்போது நடக்கும்போது காலும் தடுக்குகிறது. மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் தெரியாது, மருந்தும் கிடையாது என்கிறார்கள். உண்மையா? ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் போகலாமா? எங்கள் பிள்ளைகளுக்கும் வருமா?"

காரணம் தெரியாது, மருந்து கிடையாது என்பது 1990 வரைக்கும் முழுக்கச் சரி. இன்றைக்கு இரண்டுமே பாதிதான் சரி. நோயாளிகளில் ஒரு சிலருக்குக் காரணம் இன்னதென்று ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட முடிகிறது. நோயின் வேரைத் தொடுகிற முதல் மருந்தும் அப்படிக் காரணம் தெரிந்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. ஆகவே காரணம் வேறு, சிகிச்சை வேறு என்று பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன். நரம்பியல் பிரிவில் இந்த நோயாளிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். குடும்பங்கள் எங்கே பணத்தையும் நாளையும் இழக்கின்றன என்பதும் தெரியும். அதையும் சொல்லியாக வேண்டும்.

நாம் கையை அசைக்க இரண்டு அடுக்கு நரம்பு செல்கள் வேலை செய்கின்றன. மேல் அடுக்கு மூளையில் இருக்கிறது. அதன் நீண்ட இழை தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்கே இருக்கும் கீழ் அடுக்கு செல் தசைக்கு இழை அனுப்புகிறது. கீழ் செல் செத்தால் தசை சூம்பும், துடிக்கும். மேல் செல் செத்தால் தசை விறைக்கும். இரண்டும் சேர்ந்து சாகிற வகைதான் அதிகம், அதற்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். பாரிஸில் சால்பெத்ரியே மருத்துவமனையில் இருந்த ழான் மார்ட்டின் ஷார்கோ 1869-இல் தொடங்கி 1874-க்குள் இதைத் தனி நோயாக வரையறுத்தார். உயிரோடு இருந்தபோது நோயாளிகளிடம் கண்ட குறிகளை, இறந்தபின் தண்டுவடத்தை அறுத்துப் பார்த்துப் பொருத்தினார். இன்றும் நாங்கள் படுக்கையருகே தேடுவது பெரும்பாலும் அவர் சொன்ன குறிகளைத்தான்.

உதாரணத்துக்கு, உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்போம். கட்டைவிரல் பக்கத்து மேடு தட்டையாகியிருக்கும், சுண்டுவிரல் பக்கத்து மேடு ஓரளவு அப்படியே இருக்கும். கழுத்து எலும்புத் தேய்மானத்தில் பொதுவாக இப்படிப் பிரிந்து சூம்புவதில்லை. அப்புறம் நாக்கு. நீட்டச் சொல்லக் கூடாது, நீட்டினால் யாருக்கும் நடுங்கும். வாய்க்குள்ளேயே தளர்வாக வைக்கச் சொல்லி டார்ச் அடித்தால், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல நாக்கு துடிப்பது தெரியும். தசையில் மெல்லிய ஊசி செருகி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனை, நமக்கு இன்னும் கண்ணில் படாத தசைகளிலும் அதே கோளாறைக் காட்டும். கண் அசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன; தொடு உணர்ச்சியும் கெடுவதில்லை. அறிவு மங்காது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். ஆனால் பாதிப் பேருக்கு அருகில் யோசனையிலோ நடத்தையிலோ சின்ன மாற்றமாவது வருகிறது, நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு முன்மூளை மறதிநோயும் சேர்ந்து வருகிறது. வீட்டில் "முன்னே மாதிரி இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்" என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் நோயின் பகுதியாக இருக்கலாம்.

காரணத்துக்குப் போகுமுன் ஒன்று. இந்த நோயைப் போலவே தோன்றி, ஆனால் இது இல்லாத நோய்கள் உண்டு. பல இடங்களில் நரம்பின் ஓட்டம் தடைபடும் மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி என்று ஒன்று இருக்கிறது. கை சூம்பும், உணர்ச்சி கெடாது, அச்சு அசலாக மோட்டார் நியூரான் நோய் போலவே இருக்கும். ஆனால் அது நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலை, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் பலம் திரும்பும். வேறொன்று, பதினெட்டு இருபது வயதுப் பையன்களுக்கு ஒரே கை மட்டும் சூம்பும் ஹிராயாமா நோய். கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் முன்னால் அழுந்துவதால் வருவது. கழுத்தைக் குனிந்த நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும், நேராகப் படுத்து எடுத்தால் தவறிவிடலாம். சில வருடத்தில் அது தானாகவே நின்றுவிடும். பையனுக்கு ஏ.எல்.எஸ். என்று கேள்விப்பட்டு உடைந்துபோன பெற்றோரிடம் "இது அது இல்லை" என்று சொல்ல வாய்க்கிற நாள் எங்கள் வேலையில் நல்ல நாள்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு வகையும் இருக்கிறது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் சென்னையில் தாங்கள் பார்த்த இளம் நோயாளிகளை வைத்து ஒரு தனி உருவத்தை எழுதினார்கள். முப்பது வயதுக்குள் தொடக்கம், ஒல்லியான உடல், முகத்திலும் நாக்கிலும் பலவீனம், கூடவே காது கேளாமை. மெதுவாகத்தான் முன்னேறும், இருபது முப்பது வருடம் வாழ்ந்தவர்கள் உண்டு. உலக மருத்துவ இலக்கியத்தில் அதன் பெயரே மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸில் நிறையப் பேரைப் பதிவு செய்தார்கள். காது கேளாமையும் நாக்குப் பலவீனமும் சேர்ந்த இந்த உருவத்தோடு ரொம்ப நெருங்கிய இன்னொரு மரபணு நோயில், ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, செல்லுக்குள் நுழையும் வாசல் பழுதாகியிருப்பதை 2010-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அதே வைட்டமினை அதிக அளவில் கொடுத்தால் நோய் நிற்கிறது, சிலருக்குத் திரும்பவும் செய்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அது வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். இளம் வயது, காதும் கேட்கவில்லை என்றால் இந்த மரபணுவைப் பார்க்காமல் விடவே கூடாது.

சரி, உங்கள் அண்ணனுக்கு இவையெல்லாம் இல்லை, ஏ.எல்.எஸ். தான் என்று வைத்துக்கொள்வோம். ஏன் வந்தது?

பத்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருக்கும். அந்தக் குடும்பங்களில் தேடித்தான் 1993-இல் 21-ஆவது குரோமோசோமில் எஸ்.ஓ.டி.1 என்ற முதல் மரபணு அகப்பட்டது. அந்தப் புரதம் செல்லில் உருவாகும் நச்சுப் பொருள் ஒன்றை முறிப்பது. அந்த வேலை நின்றுபோனதால்தான் செல் சாகிறது என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் வேலை சரியாக நடக்கிற நோயாளிகளும் இருந்தார்கள். வேலை நின்றதால் கேடு வரவில்லை. தப்பாக மடங்கிய புரதமே விஷமாகிவிடுகிறது. இது சின்னத் திருத்தம் மாதிரித் தெரியும், ஆனால் மருந்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அது தலைகீழாக்கியது. இல்லாததைக் கொடுப்பதற்குப் பதில், இருப்பதைக் குறைக்க வேண்டும்.

2006-இல் பெரிய திருப்பம். குடும்ப வரலாறே இல்லாத சாதாரண நோயாளிகளின் நரம்பு செல்லில் கட்டியாகக் கிடக்கும் புரதம் டி.டி.பி-43 என்று கண்டார்கள். நோயாளிகளில் நூற்றுக்கு 97 பேர் அளவுக்கு இது இருக்கிறது. எஸ்.ஓ.டி.1, ஃபஸ் ஆகிய மரபணுக்களில் பழுது உள்ளவர்களிடம் மட்டும் இந்தக் கட்டி காணப்படுவதில்லை. டி.டி.பி-43-க்கு வீடு செல்லின் உட்கரு. மரபணுவிலிருந்து நகலெடுத்த ஆர்.என்.ஏ.வில் வேண்டாத துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நோயில் அது உட்கருவை விட்டு வெளியேறி, வெளியே கட்டியாகிவிடுகிறது. உள்ளே காவல் இல்லாததால் வேண்டாத துண்டுகள் புகுந்து, நரம்பிழை அறுந்தால் மீண்டும் வளரத் தேவையான ஸ்டாத்மின்-2 போன்ற புரதங்கள் உருவாகாமலே போகின்றன. இது 2019-இல் தெரியவந்தது. 2022-இல் யு.என்.சி.13ஏ என்ற மரபணுவிலும் இதே கதை. ஒவ்வொரு நோயாளிக்கும் தொடக்கக் காரணம் வேறாக இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லாரும் இந்த ஒரு இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். என் கணக்கில் பெரும்பாலான நோயாளிகளுக்கான மருந்து இங்கிருந்துதான் வரும்.

2011-இல் இன்னொரு மரபணு, சி9ஆர்ஃப்72. அதில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று ஒருசில தடவை திரும்ப வருவது சகஜம். நோயாளிகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் திரும்ப வருகிறது. ஐரோப்பிய வம்சத்தவரில் குடும்பவழி நோய்க்கு இதுதான் முதல் காரணம், பத்தில் நால்வருக்கு. முன்மூளை மறதிநோய்க்கும் இதே மரபணு என்பதால் இரண்டும் ஏன் ஒரே குடும்பத்தில் வருகின்றன என்பது அன்றைக்குப் புரிந்தது. ஆசியர்களிடம் இது ரொம்பக் குறைவு.

குடும்ப வரலாறு இல்லாத மீதி ஒன்பது பேருக்கு? வெளிச்சூழலைச் சந்தேகித்துப் பலர் தேடியிருக்கிறார்கள். மிகக் கனமான சாட்சி பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே போன மருத்துவர்கள், சமோரோ இனத்தவரிடம் இந்த நோய் மற்ற இடங்களைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு இருப்பதைப் பார்த்தார்கள். அவர்கள் ஊறவைத்துக் கழுவி மாவாக்கிச் சாப்பிட்ட சைக்கஸ் விதையின் நச்சா, அந்த விதை தின்ற பழவௌவாலைச் சாப்பிட்டதா என்று இன்னமும் வாதம் நடக்கிறது, எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் வாழ்க்கைமுறை மாற மாற, ஒரே தலைமுறை இரு தலைமுறைக்குள் நோய் அங்கே கரைந்துபோனது. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. ஆக, வெளியிலிருந்து ஏதோ ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது.

இத்தாலியில் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,325 பேரைப் பார்த்த ஆய்வு 2005-இல் வந்தது. அந்த எண்ணிக்கைக்கு ஒருவருக்குக்கூட வர வேண்டியதில்லை, ஐந்து பேருக்கு வந்திருந்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர்களிடமும் நோய் கூடுதல் என்பதை அந்நாட்டு அரசே ஏற்று 2008 முதல் சலுகை தருகிறது. புகைப்பழக்கத்துக்குச் சிறு பங்கு உண்டு. இதையெல்லாம் வைத்து உங்கள் அண்ணன் சின்ன வயதில் ஆடிய ஆட்டத்தையோ, வயலில் அடித்த மருந்தையோ, சாப்பாட்டையோ குற்றம் சொல்ல முடியாது. தனி ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்லும் அளவுக்கு இந்தச் சாட்சிகளில் எதற்கும் பலம் இல்லை. "நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்று அண்ணன் கேட்டால், ஒன்றும் பண்ணவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அம்மார் அல்-சலாபியும் கூட்டாளிகளும் 2014-இல் வயதுவாரியான நோயெண்ணிக்கையைக் கணக்குப் போட்டு, நோய் தொடங்க ஆறு படிகள் தாண்ட வேண்டியிருப்பதாகச் சொன்னார்கள். எஸ்.ஓ.டி.1 பழுதோடு பிறந்தவருக்கு இரண்டு படி போதும், சி9ஆர்ஃப்72-க்கு மூன்று என்று பின்னால் கணக்கிட்டார்கள். மரபணு சில படிகளை முன்கூட்டியே தாண்டி வைத்துவிடுகிறது. மீதியை வயதும் சூழலும் தற்செயலும் தாண்டுகின்றன. பழுதான மரபணு இருந்தும் எண்பது வயதுவரை ஒன்றுமே வராதவர்கள் இருப்பது ஏன் என்பதற்கு எனக்குத் திருப்தியான விளக்கம் இதுதான்.

இனி மருந்து. ரிலுசோல் முதலில் வந்தது. நரம்பு செல்லை அதிகமாகத் தூண்டிக் கொல்லும் குளூட்டமேட்டைக் குறைப்பது. 1994-இல் பிரான்சில் 155 பேரிடம் நடந்த சோதனை, 1996-இல் 959 பேரிடம் நடந்த சோதனை, இரண்டும் சேர்ந்து சொல்வது ஆயுளில் இரண்டு மூன்று மாத நீட்டிப்பு. 50 மில்லிகிராம், காலை மாலை. இங்கே மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஈரல் பரிசோதனை முதல் சில மாதங்களுக்கு அவசியம். நீட்டிப்பு குறைவுதான், ஆனால் உண்மையானது, நான் எழுதித் தராமல் இருந்ததில்லை.

எடராவோன் பற்றி என் கருத்து வேறு. ஜப்பானில் நோய் ஆரம்ப நிலையில் இருக்கும் 137 பேரைத் தேர்ந்தெடுத்து நடத்திய சோதனையில் பலன் தெரிந்தது, 2015-இல் அங்கேயும் 2017-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஜெர்மனியில் சாதாரண நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. ஐரோப்பாவில் வாய்வழி மருந்தாகச் செய்த பெரிய சோதனையும் 2024-இல் தோற்றது. மாதாமாதம் பத்து நாள் டிரிப் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு அலைந்து, அதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். கடன் வாங்கிப் போட வேண்டிய மருந்தில்லை இது.

தோற்ற மருந்துகளின் வரிசை நீளம். மினோசைக்ளின் எலியில் அருமையாக வேலை செய்தது. 2007-இல் 412 மனிதர்களிடம் நோயை வேகப்படுத்தியது. லித்தியம், செஃப்ட்ரியாக்சோன், டெக்ஸ்பிரமிபெக்சோல் எல்லாம் கைவிட்டன. அமெரிக்கா 2022-இல் அனுமதித்த ரெலிவ்ரியோ 2024-இல் பெரிய சோதனையில் தோற்றதும், தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. இவை பெரும்பாலும் காரணம் என்னவென்று பிரிக்காமல் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்துப் பார்த்தவை.

இதோடு டோஃபெர்சனை ஒப்பிடுங்கள். எஸ்.ஓ.டி.1 பழுது உள்ளவர்களுக்கு மட்டும். அந்தப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வோடு போய் ஒட்டி அதை அழித்துவிடும் சிறு மரபணுத் துண்டு அது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் செலுத்துவார்கள், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று, பிறகு 28 நாளுக்கு ஒன்று. 108 பேரிடம் நடந்த சோதனையில் 28 வார முடிவில் பலத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. தோல்விக் கணக்கில் போயிருக்க வேண்டியது. ஆனால் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நரம்பிழை சிதையும்போது கசிவது அது. இறங்குகிறது என்றால் சிதைவு குறைகிறது. ஒரு வருடம் காத்திருந்து பார்த்தபோது, முன்னதாக மருந்து தொடங்கியவர்களின் சரிவு தாமதமாகத் தொடங்கியவர்களைவிடக் குறைவு. சிலருக்கு இழந்த பலத்தில் கொஞ்சம் திரும்பியது. இந்த நோயில் பலம் திரும்புவதை நாங்கள் பார்த்ததே கிடையாது. 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது, 2024-இல் ஐரோப்பா. மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் இந்த வகை. ஆனால் காரணத்தைப் பிடித்தால் நோயை மட்டுப்படுத்தலாம் என்பதற்கு இது முதல் அத்தாட்சி. இன்னும் அறிகுறியே வராத மரபணுக்காரர்களுக்கு, நியூரோஃபிலமென்ட் ஏறத் தொடங்கியதும் மருந்தைத் தொடங்கிப் பார்க்கும் அட்லஸ் சோதனையும் நடக்கிறது.

இதே வழியில் சி9ஆர்ஃப்72-க்குச் செய்த மருந்து 2022-இல் நின்றுபோனது. அங்கே கேடு எந்த வழியில் வருகிறது என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. ஃபஸ் மரபணுவுக்கான மருந்தில் நம்பிக்கையூட்டும் முடிவுகள் சில தனி நோயாளிகளிடம் வந்திருக்கின்றன. ஸ்டாத்மின்-2-ஐ மீட்டெடுக்கும் மருந்து மனிதர்களிடம் சோதனைக்கு வந்துவிட்டது. அது பலித்தால் மரபணுப் பழுது தெரியாத பெருவாரியானவர்களுக்குப் பயன்படும். நான் மிகவும் காத்திருப்பது அதற்குத்தான்.

நம் ஊர்ச் சீட்டுகளில் எப்போதும் இருக்கும் மெத்தில்கோபாலமின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 130 பேரிடம், நோய் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களிடம், வாரம் இருமுறை 50 மில்லிகிராம் ஊசி போட்டதில் சரிவு குறைந்தது. 2024-இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. நாம் சாப்பிடும் மாத்திரை 1,500 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராம். அந்த முடிவை வைத்து இந்த மாத்திரையிடம் பலன் எதிர்பார்க்க முடியாது.

ஸ்டெம் செல்லுக்கு வருகிறேன். வேண்டாம். இந்த நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை எதற்கும் இந்தியாவில் அனுமதி இல்லை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். விதிப்படி முறையான ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உலகத்திலேயே ஓரளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட நியூரோன் என்ற ஸ்டெம் செல் சிகிச்சையை 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு பார்த்தது: 17 பேர் பலனுக்குச் சான்று போதாது என்றார்கள், ஒருவர் போதும் என்றார், ஒருவர் நடுநிலை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு முதுகில் ஊசி போடும் இடங்களிலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருவருக்குக்கூட நோய் நின்றதை நான் பார்க்கவில்லை.

அந்தப் பணத்தை மூச்சுக்கு வையுங்கள். இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் மூச்சுத் தசை தளர்வதால். 2006-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 பேரிடம் நடந்த சோதனையில், முகமூடி வழியாகக் காற்றுத் தள்ளும் பைபாப் கருவி, தொண்டைத் தசை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட ஏழு மாத ஆயுளைச் சேர்த்தது. இதுவரை வந்த எந்தப் பொது மாத்திரையும் இவ்வளவு செய்யவில்லை. மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை அடுக்குவது, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது, இவையெல்லாம் மூச்சு இறங்குவதன் அடையாளம். வீட்டிலேயே ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி வாராவாரம் குறித்து வையுங்கள், எண்ணிக்கை இறங்கினால் உடனே காட்டுங்கள். மூச்சுத்திறனைக் கருவியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். இரவில் மூச்சு முட்டுகிறது என்று ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள்; கரியமில வாயு வெளியேறாமல் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். சாப்பிடும்போது புரை ஏறத் தொடங்கினால் வயிற்றுக்குழாயைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். மூச்சுத்திறன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சின்ன அறுவையே ஆபத்தாகும். எடை குறையவும் விடாதீர்கள். நெய், முட்டை, வேர்க்கடலை, எது இறங்குகிறதோ அது.

எத்தனை வருடம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். மேலைநாட்டுக் கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடம், பத்தில் ஒருவர் பத்து வருடம் தாண்டுகிறார். நிம்ஹான்ஸ் முப்பது வருடத்தில் பார்த்த 1,153 பேரில் நோய் தொடங்கிய சராசரி வயது 46. மேலைநாடுகளைவிடப் பத்து வருடத்துக்கும் மேல் முன்னதாக, ஆனால் வாழ்ந்த காலமும் அங்கேயுள்ளதைவிடக் கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. 21 வயதில் 1963-இல் நோய் கண்டறியப்பட்ட ஸ்டீஃபன் ஹாக்கிங் 2018 வரை இருந்தார். அவர் விதிவிலக்குதான். இரண்டு மூன்று முறை பார்த்து, எந்த வேகத்தில் இறங்குகிறது என்று தெரிந்தபின்தான் அண்ணனைப் பற்றி யாரும் எதையும் சொல்ல முடியும்.

பிள்ளைகள் விஷயம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோயோ, அறுபதுக்கு முன்பே மறதிநோயோ இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு ஆபத்து பொதுமக்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சில சதவீதத்துக்குள். ஆனாலும் அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வேன், குறைந்தது எஸ்.ஓ.டி.1, ஃபஸ், டி.டி.பி-43, சி9ஆர்ஃப்72. கடைசியில் சொன்னதை வழக்கமான மரபணு வரிசைப் பரிசோதனை காட்டாது, தனியாகக் கேட்க வேண்டும். ரத்தம் கொடுக்குமுன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பழுது இருக்கிறது என்று வந்தால் அது அண்ணனின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதை அவர்கள் பதினெட்டு தாண்டியபின் தாங்களே முடிவு செய்யட்டும், நீங்கள் இப்போது அவர்களுக்கு எடுக்க வேண்டாம். எஸ்.ஓ.டி.1 வந்தால் தாமதிக்காமல், டோஃபெர்சனுக்கு வழி உண்டா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். முன்கூட்டித் தொடங்கியவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியிருக்கிறது.